தலைக்காயத்துக்குப் பிறகு: ‘ஆறு மாதத்தில் வந்ததுதான், இனி வராது’ என்பது உண்மையா?

பொன்னி

என் தம்பிக்கு 29 வயது. லேத் பட்டறையில் வேலை. சென்ற ஆண்டுக் கடைசியில் இரவுப் பணி முடிந்து பைக்கில் திரும்பும்போது, நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் நின்றிருந்த டிரெய்லரில் மோதிவிட்டான். தலைக்கவசம் வண்டியின் கைப்பிடியில் மாட்டியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது ஜி.சி.எஸ். (சுயநினைவை அளக்கும் எண்) 6 என்று எழுதியிருக்கிறார்கள். மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘நரம்பிழைகளில் பரவலான காயம்’ என்று இருக்கிறது. வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தான்.

இப்போது எட்டு மாதமாகிறது. நடக்கிறான், பேசுகிறான், தானாகச் சாப்பிடுகிறான். பார்க்க வருபவர்கள் எல்லாரும் ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வீட்டில் இருக்கும் எங்களுக்குத்தான் தெரியும். காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை. கேட்ட கேள்வியையே கேட்கிறான். அம்மாவிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவன், குழம்பில் உப்பு குறைந்தது என்று தட்டை வீசுகிறான். பகலெல்லாம் தூக்கம், இரவில் விழிப்பு.

சென்ற வாரம் புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர், ‘ஆறு மாதத்தில் வந்ததுதான், இனி பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்’ என்றார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உண்மையில் அப்படி ஒரு கெடு உண்டா? யாருக்குத் திரும்புகிறது, யாருக்குத் திரும்புவதில்லை என்பதை எது தீர்மானிக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கீழவீதி சேகர்

வல்லாரைச் சாறு, பிரமி நெய், காலையில் வெறும் வயிற்றில். மூன்று மண்டலம் கொடுத்துப் பாருங்கள் அக்கா.

மறுவாழ்வு மருத்துவர்

சேகர், அவர் வலிப்பு மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். எதைக் கொடுப்பதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கல்லீரல் வழியாகப் போகும் மருந்துகளோடு மூலிகைகள் மோதிக்கொள்ளும்.

பொன்னி, உங்கள் தம்பியைப் பார்க்காமல் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கட்டத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் நம் கையில் இல்லாதவை. வயது, வந்தபோது இருந்த ஜி.சி.எஸ்., இரு கண்மணிகளும் வெளிச்சத்துக்குச் சுருங்கினவா, சி.டி. ஸ்கேனில் என்ன தெரிந்தது, வழியில் ரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ குறைந்ததா என்பவை. ஜி.சி.எஸ். என்பது 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் உருவாக்கிய அளவுகோல். 3 முதல் 15 வரை போகும், 8ம் அதற்குக் கீழும் தீவிரம். ஆனால் அது முதல் நாளின் நிலையைத்தான் சொல்லும். நீண்டகாலப் போக்கைக் கணிக்க நான் அதைவிட அதிகம் நம்புவது வேறொன்றை: நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்கத் தொடங்க எத்தனை நாள் ஆனது? கண் திறந்த நாளோ பேசத் தொடங்கிய நாளோ இதற்குக் கணக்கில்லை. பேசிக்கொண்டே இருப்பார்கள், மறுநாள் எதுவும் நினைவிருக்காது. அந்தக் குழப்பக் காலம் நீள நீள, மீட்சி மெதுவாகும். இதை டிஸ்சார்ஜ் சம்மரியில் யாரும் எழுதுவதில்லை. குடும்பத்தார்தான் சொல்ல முடியும்.

ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? வீக்கம் வடிவது, அதிர்ச்சியில் செயலிழந்திருந்த பகுதிகள் மறுபடி இயங்குவது, அறுந்த இணைப்புகளுக்குப் பக்கத்து நரம்பிழைகள் கிளைவிடுவது எல்லாம் முதல் மாதங்களில் வேகமாக நடக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு வேகம் குறையும் என்பது சரி. குறைவதை நின்றுவிட்டதாகச் சொல்வதுதான் தவறு. அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய டிராக் ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. தீவிரக் காயம் பட்டவர்களில் இரண்டு வாரத்தில் ஓரளவு நல்ல நிலையில் இருந்தவர்கள் சுமார் 12 சதவீதம். ஓராண்டில் அது சுமார் 52 சதவீதம். ‘நல்ல நிலை’ என்றால் பகலில் எட்டு மணி நேரமாவது தனியாக விடக்கூடிய நிலையும் அதற்கு மேலும். இரண்டு வாரம் கழித்தும் கண் மட்டும் திறந்து உணர்வில்லாமல் கிடந்த 79 பேரில் 62 பேர் ஓராண்டுக்குள் சுயநினைவுக்கு வந்தார்கள். ஆனால் இடம், காலம் தெரியும் அளவுக்குத் தெளிந்தவர்கள் விவரம் கிடைத்தவர்களில் கால்வாசிதான். இரண்டு எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

கரிசல்காட்டான்

மருத்துவர் ஐயா சொல்வது அமெரிக்கக் கணக்கு. அங்கே ஐ.சி.யூ.விலிருந்து நேராக மறுவாழ்வு மையம். இங்கே ஐ.சி.யூ.விலிருந்து நேராகக் கயிற்றுக் கட்டில்.

என் மகனுக்கு விபத்து நடந்து ஆறு ஆண்டாகிறது. தங்கச்சி பொன்னி, நான் சொல்வது கசக்கும், கேட்டுக்கொள். ‘எல்லாம் திரும்பும்’ என்று சொன்னவர்களால்தான் நாங்கள் அழிந்தோம். ஒருவர் ஸ்டெம்செல் ஊசி என்றார், தவணை முறையில் வாங்கினார். இன்னொருவர் ஆக்சிஜன் அறைக்குள் படுக்கவைத்தார். இரண்டு ஏக்கர் நஞ்சை போயிற்று. அந்த மருத்துவர் உங்களிடம் ‘எதிர்பார்க்காதீர்கள்’ என்று சொன்னதற்குப் பணம் வாங்கவில்லையே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

மறுவாழ்வு மருத்துவர்

கரிசல்காட்டான் ஐயாவுக்கு: ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம்செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே விற்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. தலைக்காயத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு போட்டால் அது சிகிச்சை ஆகாது, வியாபாரம்.

வசதி பற்றி நீங்கள் சொன்னதும் உண்மை. ஒரே அளவு தீவிரமான காயத்துக்குப் பணக்கார நாடுகளைவிட மற்ற நாடுகளில் இறப்பு அதிகம் என்பதைப் பன்னாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்மிடம் 108 இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உயிர்கள் பிழைக்கின்றன. 49ஆவது மணி நேரத்திலிருந்து அந்தக் குடும்பம் எங்கே போவது என்பதற்குத்தான் பதில் மெலிந்திருக்கிறது.

ஆனால் ‘இனி இல்லை’ என்பதும் ‘எல்லாம் வரும்’ என்பதும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. இரண்டும் எல்லாவற்றையும் காயத்தின் கணக்கில் எழுதுகின்றன. கிளாஸ்கோவில் தலைக்காயம் பட்டவர்களை ஐந்து முதல் ஏழு ஆண்டு கழித்து மறுபடி பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இயலாமை தொடர்ந்தது. ஆனால் அதே ஆட்கள் அதே இடத்தில் நிற்கவில்லை. முதலாண்டில் நன்றாக இருந்த சிலர் பின்னால் சரிந்திருந்தார்கள், மோசமாக இருந்த சிலர் ஏறியிருந்தார்கள். பிற்காலத்து இயலாமையோடு வலுவாகச் சேர்ந்து வந்தவை மனச்சோர்வு, பதற்றம், தன்னை மதிக்காத மனநிலை. நான் வாதாடுவது இதற்காகத்தான். காயத்தை இனி மாற்ற முடியாது. இவற்றுக்கு மருத்துவம் உண்டு.

பழைய மாணவன்

நான் அடிபட்டவன். பள்ளி ஆசிரியர். என்னுடையது ‘லேசான’ காயம் என்று எழுதிக் கொடுத்தார்கள், ஸ்கேன் சுத்தம். மூன்றாம் வாரம் வகுப்புக்குப் போனேன். நாற்பது பிள்ளைகளின் சத்தம் தலைக்குள் இறங்கியது. மதியத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிய வரியை முடிக்க முடியவில்லை. தலைமையாசிரியர் நான் நடிக்கிறேன் என்று நினைத்தார். வெட்டுக்காயம் என்றால் காட்டலாம், இதை எங்கே காட்டுவது?

எனக்கு உதவியது ஒரே ஒரு ஏற்பாடு: ஒரு பருவம் முழுவதும் காலையில் மட்டும் பாடம் எடுத்தேன். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கூட்டினேன். பொன்னி அவர்களே, உங்கள் தம்பி பகலில் தூங்குவதைச் சோம்பல் என்று யாரும் சொல்லவிடாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அதிகம் படித்தவர்கள் நன்றாக மீளுகிறார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

மறுவாழ்வு மருத்துவர்

லேசான காயத்தில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள் என்றுதான் நாங்களும் படித்தோம். அதே டிராக் குழுவின் 2019 ஆய்வில், அத்தகையவர்களில் 53 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் ஏதோ ஒரு வகையில் அன்றாட வாழ்க்கை பழையபடி இல்லை என்றார்கள். தலையில் அடிபடாமல் கை கால் முறிந்தவர்களிலும் 38 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். அந்த இடைவெளிதான் தலைக்கான பங்கு. நீங்கள் நடிக்கவில்லை.

படிப்பு: 2014இல் ஒரு அமெரிக்க ஆய்வு, மிதமான, தீவிரக் காயம் பட்ட 769 பேர். 12 ஆண்டுக்குக் குறைவாகப் படித்தவர்களில் ஓராண்டில் இயலாமையே இல்லாமல் மீண்டவர்கள் சுமார் 10 சதவீதம். 16 ஆண்டும் அதற்கு மேலும் படித்தவர்களில் சுமார் 39 சதவீதம். மூளைக்கு ஒரு சேமிப்பு இருக்கிறது, படிப்பு அதைக் கூட்டுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

தறிக்காரன்

அப்படியானால் எட்டாம் வகுப்போடு நின்று தறிக்குப் போனவனின் மூளைக்குச் சேமிப்பு இல்லையா? நானூறு பாவு இழையை மனதில் வைத்து நெய்பவனைவிட, கல்லூரியில் தூங்கியவனுக்குச் சேமிப்பு அதிகமா? இதையெல்லாம் ஆராய்ச்சி என்கிறீர்கள்.

மறுவாழ்வு மருத்துவர்

கோபம் நியாயம்தான். அந்த எண்ணுக்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. படித்தவருக்குப் பெரும்பாலும் பணம், காப்பீடு, தொடர் சிகிச்சை எல்லாம் உண்டு. முக்கியமாக, திரும்பிப் போகும் வேலை எப்படிப்பட்டது என்பது உண்டு. ஆசிரியர் அரைநாள் வேலை கேட்டு வாங்கினார். லேத்திலோ விசைத்தறியிலோ அரைநாள் கொடுப்பார்களா? கவனம் ஒரு நொடி பிசகினால் விரல் போகும். ஆக, ஒரே மாதிரி மீண்ட இரண்டு பேரில் ஒருவர் வேலைக்குப் போகிறார், இன்னொருவர் வீட்டில் உட்கார்கிறார். ஆய்வு இரண்டாமவரை ‘மீளாதவர்’ என்று எழுதிவிடும். சேமிப்பு என்ற கருத்தை நான் தள்ளவில்லை. ஆனால் அது பட்டச் சான்றிதழில் மட்டும் இருப்பதாக நினைக்கவில்லை.

பொன்னி

எல்லாருக்கும் நன்றி. அந்தக் குழப்பக் காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தால், இரண்டு மாதம் போல இருக்கும். தீபாவளிக்கு வந்த மாமாவை அடுத்த நாள் நினைவில்லை, பொங்கலுக்கு வந்தவர்களை ஓரளவு நினைவிருந்தது.

வலிப்புக்கு லெவெடிரசெட்டம் மாத்திரை அன்றிலிருந்து போகிறது. இதுவரை வலிப்பு வந்ததில்லை. கோபம் தாங்க முடியவில்லை ஐயா. அவன் இப்படிப்பட்டவன் இல்லை. எங்கள் வீட்டில் இனி எதைத்தான் செய்வது?

மறுவாழ்வு மருத்துவர்

இரண்டு மாதக் குழப்பம் என்றால் காயம் மிகத் தீவிரமானதுதான். அதிலிருந்து நடந்து, பேசி, தானே உண்ணும் நிலைக்கு வந்திருக்கிறார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சில கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். முதலாவது அந்த மாத்திரை. எரிச்சலும் கோபமும் லெவெடிரசெட்டத்தின் நன்கறியப்பட்ட பக்கவிளைவு. முதல் வாரத்து வலிப்பைத் தடுக்கத்தான் இத்தகைய மருந்துகள் உதவுகின்றன. வலிப்பே வராதவருக்கு மாதக்கணக்கில் தடுப்பாகக் கொடுப்பதால் பின்னால் வரும் வலிப்பு குறைவதாகச் சான்று இல்லை. ஆனாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரலாம். தீவிரக் காயம் பட்டவர்களில் ஐந்தாண்டுக்குள் சுமார் 10 சதவீதம் பேருக்கு வலிப்பு வருகிறது என்பதால் குறைப்பதா, மாற்றுவதா, தொடர்வதா என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எல்லாக் கோபமும் மாத்திரையால் வருவதில்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி அடிபட்டால் தடுத்து நிறுத்தும் ஆற்றல் போய்விடும். அவருக்கே தன் மாற்றம் தெரியாமலும் இருக்கலாம். அது பிடிவாதத்தால் வருவதில்லை, காயத்தின் ஒரு பகுதி. பசி, சத்தம், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவது, தூக்கக் குறைவு ஆகியவற்றுக்குப் பிறகு கோபம் வருகிறதா என்று இரண்டு வாரம் குறித்து வாருங்கள். பாதி நேரம் ஒரு ஒழுங்கு பிடிபடும். சண்டையின் நடுவில் அறிவுரை சொல்லாதீர்கள், அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்து, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. தீவிரத் தலைக்காயத்தில் அதுவும் அடிபடுவதுண்டு. பகல் முழுதும் அசதி, உடல் ஊதுதல் அல்லது மெலிதல், ஆண்மை குறைதல் இருந்தால் தைராய்டு, கார்ட்டிசால் முதலான ஹார்மோன்களைப் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டையோடு மூச்சு நிற்கிறதா என்றும் கவனியுங்கள். நன்றாகத் தேறி வந்தவர் திடீரென நடையில் தடுமாறி, சிறுநீர் அடக்க முடியாமல், மந்தமானால் மூளைக்குள் நீர் கோத்திருக்கலாம். அதற்கு மறுபடி ஸ்கேன் வேண்டும், காத்திருக்கக் கூடாது.

வயிற்றில் இருக்கும் எலும்பை இன்னும் திரும்ப வைக்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள். ஓடில்லாத பக்கம் உள்வாங்கி இருப்பவர்கள் சிலர், அதைப் பொருத்திய பிறகு சுறுசுறுப்பாவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி நடக்காது. அதுவரை தலையைக் காக்க ஒரு கவசம் கட்டாயம்.

மறதிக்கு மொபைல் விளையாட்டுகளை விற்கிறார்கள். விளையாடுபவர் அந்த விளையாட்டில் தேறுவார். மருந்து சாப்பிட்டோமா என்பது அப்போதும் நினைவிருக்காது. பலன் தருவது ஒரே ஒரு நோட்டு, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எழுதும் பழக்கம், கூடவே மொபைல் அலாரம். மூன்று நோட்டு வைத்தால் மூன்றும் தொலையும்.

கரிசல்காட்டான்

இந்த மாத்திரை விஷயத்தை எனக்கு ஆறு ஆண்டில் ஒருவரும் சொல்லவில்லை.

என் மகனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வெறும் கசப்பு விற்பவன் ஆகிவிடுவேன். நான்காம் ஆண்டு அவனை ஆட்டுப் பட்டிக்குக் கூட்டிப்போனேன், வீட்டில் அவன் அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று. ஆடுகளை எண்ணி அடைப்பது அவன் வேலை ஆயிற்று. முதலில் எண்ணிக்கை தப்பும். கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். இப்போது முடிச்சில்லாமல் எண்ணுகிறான், எந்த ஆடு சினை என்பதும் தெரிகிறது. ஊசி போட்டவர்கள் யாரும் இதைச் செய்யவில்லை. திருமணம் ஆகாது, தனியாக வெளியூர் போக முடியாது. அது வேறு.

மறுவாழ்வு மருத்துவர்

நான்காம் ஆண்டில் வந்த முன்னேற்றம். ஆறு மாதக் கெடுவுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை ஐயா. ஒரே வேலை, தினமும், உண்மையான பயனோடு, முதலில் துணைக்கயிறு, பிறகு கயிறில்லாமல். தொழில்வழிச் சிகிச்சையாளர் செய்வதும் இதைத்தான்.

மருமகள்

நோயாளியைப் பற்றியே பேசுகிறீர்கள். பார்த்துக்கொள்பவளைப் பற்றி ஒரு வரி? என் கணவருக்கு அடிபட்ட பிறகு என் மாமியார் என்னை ‘ராசியில்லாதவள்’ என்றார். நான் வேலையை விட்டேன். எனக்கு இரத்த அழுத்தம் வந்தது. அவர் தேறவில்லை என்றால் நான் சரியாகப் பார்க்கவில்லை, தேறினால் குலதெய்வம். எந்த ஆய்விலாவது இது வருகிறதா?

மறுவாழ்வு மருத்துவர்

வருகிறது. குடும்பம் குலைந்தால் நோயாளியின் மீட்சியும் குலைகிறது என்பது நீண்டகால ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. நோயாளிகளுக்கே முதல் ஆண்டில் மனச்சோர்வு மிக அதிகம். 2010இல் 559 பேரை வைத்துச் செய்த ஆய்வில் பாதிக்கும் சற்று மேல். பார்த்துக்கொள்பவர்களை யாரும் வரிசையில் நிறுத்திக் கேட்பதே இல்லை. வாரத்தில் ஒரு பகல் வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். அதைத் தயவாகக் கேட்காதீர்கள், முறை வைத்து ஒதுக்குங்கள். கொழுந்தன், நாத்தனார் யாராக இருந்தாலும் சரி.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தங்கிச் சிகிச்சை பெற, வேலூர் பாகாயத்தில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் போன்றவை இருக்கின்றன. அவரே கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியிலிருந்து அறுவைச் சிகிச்சை செய்தவர்.

நிர்வாகி

கைப்பேசி எண்ணோடு ‘மூளை புத்துணர்ச்சி எண்ணெய்’ விளம்பரம் இட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

வழக்குரைஞர்

பொன்னி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குப் போட்டீர்களா? 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். உங்களுக்குக் காலம் கடந்திருக்கலாம் என்பதால் நாளைக்கே ஒரு வழக்குரைஞரைப் பாருங்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்திருக்கின்றன, தாமதம் என்று நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று எழுதினால் 40 சதவீதம்தான் வருமான இழப்பு என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: உடலின் ஊனம் வேறு, அந்த ஆள் செய்த தொழிலில் ஏற்பட்ட இழப்பு வேறு. லேத்தில் நிற்க முடியாதவருக்கு இழப்பு மிக அதிகம் என்று நிறுவலாம். அதற்கு நடக்கிறார், பேசுகிறார் என்ற சான்றிதழ் போதாது. நினைவாற்றல், கவனம், நடத்தை ஆகியவற்றைச் சோதித்து மருத்துவ உளவியலாளர் தரும் அறிக்கை வேண்டும். பல வழக்குகள் தோற்பது இந்த ஒரு தாள் இல்லாமல்தான்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கும் இதே சிக்கல். 2016 சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் தனி வகையாக இல்லை. கை கால் இயக்கம், மனநலம், பேச்சு என்று எது பாதித்திருக்கிறதோ அந்த வகையில்தான் கேட்க வேண்டும்.

பொன்னி

வழக்கு போட்டுவிட்டோம் ஐயா, அப்பா ஐந்தாம் மாதமே போட்டார். உளவியலாளர் அறிக்கைதான் இல்லை. அதற்கு இப்போது தேதி வாங்கியிருக்கிறோம்.

நரம்பியல் மருத்துவரிடம் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். முதலில் ‘இதெல்லாம் யார் சொன்னது’ என்றார். பிறகு பொறுமையாகப் படித்தார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றியிருக்கிறார். சில வாரங்களாகத் தட்டு பறக்கவில்லை. குரல் உயர்கிறது, ஆனால் இறங்கவும் செய்கிறது. மறதியில் மாற்றம் இல்லை. ஹார்மோன் சோதனையில் தைராய்டு குறைவாக இருந்தது, மேற்கொண்டு பார்க்கச் சொல்லியிருக்கிறார். எலும்பை அடுத்த மாதம் திரும்ப வைக்கிறார்கள்.

பட்டறை முதலாளி வந்து பார்த்தார். லேத்தில் விட மாட்டேன், சரக்கு எண்ணி நோட்டில் எழுதும் வேலை தருகிறேன், காலையில் மட்டும் வரட்டும் என்றார். தம்பி அதற்குச் சம்மதித்துவிட்டான், ஆனால் பட்டறைக்கு பைக்கில்தான் போவேன் என்று நிற்கிறான். விடலாமா?

மறுவாழ்வு மருத்துவர்

கூடாது. மருந்து மாற்றத்தின் நடுவில், மண்டையோடு பொருத்தாத நிலையில், பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பிறகும் வலிப்பு இல்லாத காலம், கவனம், பார்வைப் புலம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் நரம்பியல் மருத்துவர் சொல்ல வேண்டும். ஓட்டுநர் உரிமப் படிவத்திலேயே வலிப்பு பற்றிய கேள்வி இருக்கிறது. ‘மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஓட்டலாம்’ என்று சொல்லிவிடுங்கள், மறுப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். மதுவும் கூடாது, பழைய நண்பர்கள் ‘ஒரு நாள்தானே’ என்பார்கள்.

பழைய மாணவன்

பட்டறைக்கு டவுன் பஸ் போகுமா? முதல் வாரம் யாராவது உடன் போங்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயரை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். நான் அப்படித்தான் பள்ளிக்குப் போனேன்.

பொன்னி

போகும். காலை 8.40க்கு ஒன்று இருக்கிறது. அப்பா உடன் போகிறார்.